கதவு சாத்தியிருக்கும் நேரம்

தாத்தாவைச் செண்பகம் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவர் வாயில் பல் இல்லை. தெருவில் நாலு பேர் பார்ப்பார்கள் என்று பல்செட்டை மாட்டிக்கொண்டு வாசல் வரைக்கும் நடந்து வந்தவர், அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஆட்டோவில் உட்கார வைத்ததும், விரலை வாய்க்குள் விட்டு மேல் செட்டைக் கழற்றினார். பிறகு கீழ் செட்டை. இரண்டையும் துண்டு நுனியில் துடைத்துக் கைக்குட்டையில் சுருட்டி அவளிடம் நீட்டினார். ஆஸ்பத்திரியில் கழற்றச் சொல்வார்கள், எங்கேயாவது போட்டுவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். "தண்ணி மாத்திரு" என்றார். கைக்குட்டை ஈரமாக இருந்தது, அவருடைய வாயின் சூடு அதில் இருந்தது. கன்னம் இரண்டும் உள்ளே போய், மூக்கும் தாடையும் ஒன்றையொன்று தொடுகிற மாதிரி நெருங்கி, அவளுக்கு மட்டும் தெரிந்த அந்த முகம் ஒரு நிமிஷம் வாசல் வெயிலில் இருந்தது. பிறகு ஆட்டோக் கம்பியில் விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டி "ரைட்" என்றார். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர், மாட்டுவண்டியில் ஏறினால்கூட அவருக்கு அப்படித் தட்டியாக வேண்டும். ஆட்டோக்காரர் சிரித்துக்கொண்டே கிளப்பினார். வண்டி முனை திரும்பியபோது தாத்தா திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் ரோட்டைத்தான் பார்த்தார், அடுத்த ஸ்டாப்பில் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பது போல.

இப்போது பல்செட்டு ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் தண்ணீரில் கிடக்கிறது. பாட்டில் அவள் மடியில் பாவாடை மடிப்புக்குள் இருக்கிறது. அவள் தாத்தாவின் அறைக்கு வெளியே பாயில் உட்கார்ந்திருக்கிறாள், அறைக் கதவு சாத்தியிருக்கிறது. நாளைக்குப் பதினாறாம் நாள் விசேஷம். அதற்கு முந்தின சாயங்காலம் செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் இலை போட்டு வைத்து, விளக்கேற்றி, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். அவர் வந்து சாப்பிடுவார். சாப்பிடும்போது யாரும் பார்க்கக் கூடாது, சாவித் துவாரத்தில் கண்ணை வைக்கக் கூடாது, பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. சந்தனமாரி அத்தை இதையெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியாக, எல்லோருக்கும் பொதுவாக, ஆனால் செண்பகத்தைப் பார்த்து, "இன்னைக்கு ஒரு பொழுதுதான். வயிறு நெறஞ்சு போனாகன்னா நிம்மதியாப் போயிருவாக. பசியோட போனா அலஞ்சுக்கிட்டே கெடப்பாக" என்றாள். அலைவது என்றால் எங்கே. பஸ் ஸ்டாண்டிலா. தாத்தா பஸ் ஸ்டாண்டில் அலைந்தால் அவளுக்குப் பயமில்லை, அங்கே அவருக்கு எல்லோரையும் தெரியும், டீக்கடைக்காரர் பெஞ்சில் இடம் போடுவார். ஆனால் செத்த பிறகு டீக்கடைக்காரர் கண்ணுக்கு அவர் எப்படித் தெரிவார். டீ கேட்டால் குரல் கேட்குமா. கேட்காத குரலில் ஒரு மனுஷன் கேட்டுக்கொண்டே நிற்பதை நினைத்ததும் அவளால் சும்மா உட்கார முடியவில்லை. காலை மாற்றிப் போட்டாள். பாட்டிலுக்குள் பல் லேசாகக் கண்ணாடியில் தட்டியது. அவள் இருமினாள். யாரும் கவனிக்கவில்லை.

இலையில் என்னென்ன இருக்கிறது என்று அவளுக்கு மனப்பாடம். பெரியப்பா தூத்துக்குடியிலிருந்து வரும்போது வாங்கி வந்த முறுக்கு, காராச்சேவு. இங்கே கோவில்பட்டி பஜாரில் அப்பா வாங்கின கடலைமிட்டாய். நல்லியெலும்போடு கறிச்சுக்கா. பழுக்காத கொய்யா, உப்பும் மிளகாய்த்தூளும் தனியாக. நடுவில் அத்தை திருப்பூரிலிருந்து டின்னில் கொண்டுவந்த பொரிவிளங்காய் உருண்டை, கோபுரம் மாதிரி அடுக்கி. ஒவ்வொன்றையும் வைக்கும்போது பெரியப்பா ஒரு கதை சொன்னார். எங்க அப்பா நல்லியைக் கடித்தால் அடுத்த வீட்டு நாய் எழுந்து உட்காரும் என்றார். கலர் சோடா பாட்டில் மூடியைப் பல்லாலேயே திறப்பார், ஓப்பனர் எதற்கு, அண்ணாச்சியைக் கூப்பிடு என்பார்களாம் டெப்போவில். அத்தை அழுதுகொண்டே சிரித்தாள். அப்போதுதான் அம்மா அடுப்படியிலிருந்து ஒரு சின்னச் சட்டியைக் கொண்டுவந்தாள். நெய் விட்டுக் குழைத்த பருப்புச் சோறு, தாத்தா தினமும் சாப்பிட்டது. அத்தை அதைப் பார்த்துவிட்டுச் சத்தம் போடாமல்தான் சொன்னாள், ஆனால் ஹாலில் எல்லோருக்கும் கேட்டது. "சீக்காளிக்கு வைக்கிறத எங்க அப்பாவுக்கு வைக்காத லீலா. இத்தன வருசமும் கொழஞ்ச சோத்தப் போட்டே ஒக்கார வச்சுட்ட. போறப்பவாவது வாய்க்கு ருசியாத் திங்கட்டும்." அம்மா சட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனாள். அப்பா விளக்குத் திரியைத் தூண்டுகிற மாதிரி குனிந்துகொண்டார், திரி நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

சொல்லியிருக்கலாம். அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அம்மாவுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும், செண்பகத்துக்குத் தெரியும். அத்தைக்கும் பெரியப்பாவுக்கும்தான் தெரியாது. தெரியக் கூடாது என்று சொன்னவர் தாத்தா. ஆச்சி செத்த வருஷத்தில் அவருக்குப் பல் ஒவ்வொன்றாக விழுந்ததாம், அப்போது செண்பகம் கைக்குழந்தை. சண்டை போட ஆள் போயாச்சு, பல்லு எதுக்கு, அதும் பின்னாலயே போயிருச்சு என்பார். மதுரையில் போய்ச் செட்டுக் கட்டிக்கொண்டு வந்தார். கட்டின டாக்டர் அளவை எங்கேயோ தப்பாக எடுத்துவிட்டார், கீழ் ஈறு புண்ணாகிவிடும். போய் மாற்றிக்கொண்டு வரலாம் என்று அப்பா எத்தனை தடவையோ கூப்பிட்டுப் பார்த்தார். தாத்தா போகவில்லை. வீட்டில் இருந்தால் பல் டம்ளருக்குள் இருக்கும், தாத்தா வெறும் வாயோடு இருப்பார். வெளியே போக வேண்டும் என்றால் மாட்டுவார். பென்ஷன் ஆபீசுக்கு, கோயிலுக்கு, அவளுடைய பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்கு. அப்புறம் அத்தை வந்தால், பெரியப்பா வந்தால். அத்தை வருகிறாள் என்று தந்தி மாதிரி அப்பாவுக்கு ஆபீசில் போன் வந்தால், தாத்தா முதல் நாளே மாட்டிப் பழகுவார். கண்ணாடி முன்னால் நின்று வாயை இப்படியும் அப்படியும் அசைப்பார். அத்தை இருக்கிற நாலு நாளும் கழற்ற மாட்டார், ராத்திரி தூங்கும்போதுகூட. அத்தை டின்னைத் திறந்து பொரிவிளங்காய் உருண்டையை நீட்டுவாள். அதைச் சுவரில் எறிந்தால் சுவர் விரியும், அப்படி ஒரு உருண்டை. தாத்தா வாங்கி, கடவாயில் வைத்து, கடக் என்று ஒரு சத்தம் வர வைப்பார். அது உருண்டை உடைகிற சத்தம் இல்லை, பல்லோடு பல் இடிக்கிற சத்தம். கண்ணில் தண்ணீர் வந்துவிடும். "ஒங்கம்மா கை அப்பிடியே இருக்கு மாரி" என்பார். அத்தை முகத்தைத் திருப்பிக்கொள்வாள், சந்தோஷத்தில். அவள் அந்தப் பக்கம் போனதும் தாத்தா உருண்டையைக் கையில் துப்பி, செண்பகத்திடம் கொடுத்து, அம்மிக்குழவியால் உடைத்துக் கொண்டுவரச் சொல்லுவார்.

உடைத்த துண்டைத் தாத்தா டீயில் போடுவார். அதுதான் அவர்கள் இரண்டு பேருக்கும் உள்ள விஷயம். அத்தை மத்தியானம் தூங்குவாள், தாத்தா அறைக் கதவைச் சாத்துவார், பல்லைக் கழற்றி டம்ளரில் போடுவார், ஈறை நாக்கால் தடவிக்கொண்டு அப்பாடா என்பார். அடுப்படிச் சந்துப் பக்க ஜன்னல் வழியாக அம்மாவின் டீ வரும். டீயில் உருண்டைத் துண்டு முங்கிக் கிடக்கும். பாசிப்பருப்பும் வெல்லமும் சுக்கும் மெல்ல மெல்ல இளகி, டீ கஞ்சி மாதிரி ஆகிவிடும். ஊற நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் அவர் ரூட் சொல்லுவார். கோவில்பட்டி, நாலாட்டின்புத்தூர், கயத்தாறு, கங்கைகொண்டான் என்று ஒவ்வொரு ஸ்டாப்பாக. ஒரு ஸ்டாப்பில் ஏறி அடுத்த ஸ்டாப்பில் இறங்குகிற கோழி வியாபாரியைப் பற்றி. திருநெல்வேலி வந்தால் ஊறிவிட்டது என்று அர்த்தம். ஸ்பூனால் எடுத்துத் தின்பார், அடியில் படிந்து கிடப்பது அவளுக்கு. டீ டம்ளரைக் கவிழ்த்துத் தட்டி நாக்கை நீட்ட வேண்டும். அது எப்படி இருக்கும் என்று யாரிடமும் சொல்ல முடியாது. அப்போதுதான் ஒருநாள் அவள் கேட்டாள், அத்தைகிட்டச் சொல்லிட்டா என்ன தாத்தா. அவர் ஸ்பூனை வைத்துவிட்டார். "சொல்லிராத தாயி. தெரிஞ்சா செய்யாம விட்டுருவா. அவ விட்டுட்டான்னா அந்த உருண்டையே இல்ல. அத வேற யாருக்குச் செய்யத் தெரியும்?" அப்போது அவர் முகத்தில் இருந்தது பயம். பெரியவர்களுக்கு இந்த மாதிரி விஷயத்துக்கெல்லாம் பயம் வரும் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

உள்ளே ஏதோ சத்தம். இல்லை. பல்லியாக இருக்கும். இல்லை, இலை நகர்ந்த மாதிரி இருந்தது. அத்தையும் கேட்டிருக்க வேண்டும், அவள் கண்ணை மூடிக் கையைக் கூப்பினாள். வந்துவிட்டாரா. வந்திருந்தால் என்ன பார்ப்பார். முறுக்கு, சேவு, நல்லியெலும்பு. ஒவ்வொன்றாகப் பார்ப்பார். எதையும் தொட முடியாது. ஊற வைக்க ஒரு சொட்டு டீ இல்லை. ஒரு செம்புத் தண்ணீர்தான் இருக்கிறது, தண்ணீரில் ஊறினால் நன்றாக இருக்காது, அதைத் தாத்தாவே சொல்லியிருக்கிறார். பல் வேண்டுமா. பல் இவள் மடியில் இருக்கிறது, பத்திரமாக, காலையில்தான் தண்ணீர் மாற்றினாள், தினமும் மாற்றுகிறாள், பள்ளிக்கூடம் கிளம்புமுன். கொல்லைக்குழாயில் பழைய தண்ணீரைக் கொட்டும்போது பல் வெளியே விழாமல் இருக்க மூடியை அரைவாசி மூடிக்கொள்ள வேண்டும். அவரைத் தூக்கி வந்த அன்றைக்கு, தாடையைத் துணியால் கட்டி ஹாலில் படுக்க வைத்திருந்தபோது, அத்தை அவர் கன்னத்தைத் தடவித் தடவி, மொகமே மாறிப் போச்சே, ஆஸ்பத்திரிக்காரன் என்ன செஞ்சான், பத்து நாளுல இப்பிடி ஒட்டிப் போச்சே என்று அழுதாள். செண்பகம் தூண் பக்கத்தில் நின்றாள், அவள் கையில் கைக்குட்டை. மொகம் மாறவில்லை அத்தை, இதுதான் முகம். வாய் வரைக்கும் வந்தது, சொல்லிராத தாயி என்பதும் கூடவே வந்தது, கைக்குட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். பிறகு தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். யாரும் ரைட் சொல்லவில்லை. அதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. தெரு பூராவும் ஆள் நின்றது, அப்பா நின்றார், டெப்போவிலிருந்து எத்தனை பேர் வந்திருந்தார்கள், ஒருத்தருக்குமா தோன்றாது.

பல் இல்லாமல் அத்தை முன்னால் வரமாட்டார். அதுதான் அவளுக்குப் பெரிய கவலை. சந்து வரைக்கும் வந்துவிட்டு, ஜன்னல் பக்கம் நின்று, உள்ளே மாரி குரல் கேட்கிறதே என்று தயங்கி, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு நிற்பார். ஆனால் கதவுதான் சாத்தியிருக்கிறதே. அத்தை இந்தப் பக்கம் இருக்கிறாள். சாத்தின கதவுக்கு அந்தப் பக்கம் என்றால் மத்தியானத் தூக்க நேரம் மாதிரிதான், பல் தேவையில்லை, டம்ளரும் ஸ்பூனும் போதும். அப்போ பல் வேண்டாம், டீதான் வேண்டும். இவ்வளவு நேரமும் பல்லைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்துவிட்டாள். ஆனால் அதற்குள் இன்னொன்று தோன்றியது, அதுதான் மோசமாக இருந்தது. இலைக்கு முன்னால் வைத்திருக்கிற போட்டோவில் இருக்கிறவர் காக்கிச் சட்டை போட்டுத் தோளில் தோல்பை மாட்டி, முறுக்கின மீசையோடு, வாய் நிறையப் பல்லோடு சிரிக்கிறார். அத்தைதான் தன் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவரைச் செண்பகம் பார்த்ததே இல்லை. அத்தை கூப்பிடுவது அவரைத்தான், பெரியப்பா கதை சொன்னதும் அவரைப் பற்றித்தான், இலையில் இருப்பது எல்லாம் அவருக்குத்தான். அவர் சீக்காளியா வரல இப்ப என்று பெரியப்பாகூடச் சொன்னாரே. செத்த பிறகு விழுந்த பல் திரும்ப முளைக்குமா. முளைத்திருந்தால் அவர் வந்து நல்லியைக் கடித்து, உருண்டையைக் கடக்கென்று உடைத்து, வயிறு நிறையத் தின்றுவிட்டு நிம்மதியாகப் போய்விடுவார். அத்தையோட அப்பா சாப்பிட்டுப் போய்விட்டால் இவளோட தாத்தா என்ன ஆவார். அவருக்கு யார் இலை போட்டார்கள். இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்றால், எந்த வாயோடு வருவார். இந்தக் கேள்வியை யாரிடமாவது கேட்டால் சிரிப்பார்கள். கேட்காவிட்டால் நேரம் போய்க்கொண்டிருக்கிறது. பெரியப்பா மெதுவாக அப்பாவிடம், இன்னும் கொஞ்சம் போகட்டும், அவசரப்படுத்த வேண்டாம், நம்ம அப்பா சாவகாசமாத்தான் சாப்பிடுவாக என்கிறார். அப்பா தலையாட்டுகிறார். அப்பாவுக்கு நாக்கு என்று ஒன்று இருக்கிறதா.

அவள் எழுந்தாள். பாட்டிலைப் பாவாடையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அத்தை கண்ணைத் திறந்தாள்.

"எங்கட்டி எந்திரிக்க? உக்காரு."

"ஒண்ணுக்குப் போகணும் அத்த."

"இந்நேரந்தான் வருமா ஒனக்கு. போ, போயிட்டுச் சத்தங்காட்டாம வா."

அடுப்படியில் அம்மா தனியாக உட்கார்ந்து நாளைக்கு வேண்டிய சின்ன வெங்காயத்தை உரித்துக்கொண்டிருந்தாள். பருப்புச் சோற்றுச் சட்டி அம்மியின் மேல் தட்டுப் போட்டு மூடியபடி இருந்தது. அம்மாவின் கண் சிவந்திருந்தது, வெங்காயமாகவும் இருக்கலாம். செண்பகம் பக்கத்தில் போய் நின்று, தாத்தாவுக்கு டீ வேணும்மா என்றாள். அம்மா நிமிர்ந்து பார்த்தாள். எதற்கு என்று கேட்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து பாலை அடுப்பில் வைத்தாள். தீயைக் கூட்டினாள், பிறகு சத்தம் கேட்கும் என்று குறைத்தாள். பால் பொங்க ஆகும் நேரம் முழுவதும் செண்பகத்தின் காது ஹாலில் இருந்தது. இப்போது கதவைத் திறந்துவிடுவார்கள், இப்போது திறந்துவிடுவார்கள். இன்னும் பொங்கவில்லை, ஓரத்தில் மட்டும் நுரை கட்டுகிறது. டீத்தூள் போட்டதும் அம்மா சர்க்கரை டப்பாவை எடுத்தாள். சர்க்கரை வியாதிக்காக டாக்டர் அரை ஸ்பூன்தான் சொல்லியிருந்தார், அதிலும் தாத்தா தினமும் சண்டை பிடிப்பார், டிக்கெட்டைக் கிழிச்சுப் பாதி குடுத்த மாதிரி இருக்கு என்பார்.

"ரெண்டு ஸ்பூன் போடும்மா இன்னைக்கு."

"மூணே போடுதேன். இனிமே என்ன சுகரு."

அம்மா சிரித்தாள், சிரிக்கும்போதே அவளுக்கு மூக்கு உறிஞ்ச வேண்டியிருந்தது. தாத்தாவின் டம்ளரில் ஊற்றி, முந்தானையால் சுற்றிப் பிடித்து, அவளிடம் கொடுத்தாள். "நானும் அதத்தான் நெனச்சுக்கிட்டே உக்காந்துருக்கேன். நான் கொண்டு போனா மதினி பாத்துரும். நீ போ. உள்ள பாக்காத, என்ன. கண்ண மூடிக்கோ."

அடுப்படிக் கதவைத் திறந்தால் சந்து. சந்தில் நாலடி வைத்தால் தாத்தாவின் அறை ஜன்னல். ஹாலைச் சுற்றிக்கொண்டு போக வேண்டாம் என்று அம்மா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வழியாகத்தான் டீ கொடுப்பாள். தட்ட வேண்டியதில்லை, வளையல் சத்தம் கேட்டதும் உள்ளேயிருந்து கை நீளும். ஜன்னல் மேட்டில், டம்ளர் வைத்து வைத்து, பெயின்ட் போய் ஒரு வட்டம் இருக்கிறது. இருட்டிக்கொண்டு வருகிறது. ஜன்னல் சாத்தியிருந்தது, ஆனால் கொக்கி உடைந்து ரொம்ப நாளாகிறது, தள்ளினால் திறக்கும். அவள் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, டம்ளரை ஒரு கையில் பிடித்து, மற்ற கையால் ஒரு கதவை மட்டும் மெல்லத் தள்ளினாள். நல்லெண்ணெய் விளக்கின் வாசனை வந்தது. கறிச்சுக்காவின் வாசனை வந்தது. அதுக்கெல்லாம் அடியில் தாத்தாவின் வாசனை, காதி சோப்பும் பழைய தோலும். கண்ணை மூடிக்கொண்டாள். கம்பிக்கு நடுவே கையை விட்டாள். வட்டம் எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியும். டம்ளரை வைத்தாள், ஆனால் விரலை எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை. இப்போது ஒரு கை வந்து அவள் கைமேல் பட்டால் என்ன செய்வாள். நடு விரலில் டிக்கெட் கிழித்துக் கிழித்துக் காய்த்துப்போன இடம் இருக்கிற கை. பட்டால் கத்திவிடுவாள். கத்தினால் அத்தை வந்துவிடுவாள். படாமல் இருந்தால். படாமல் இருந்தால் அது இன்னும் மோசம். முழங்கை வரைக்கும் அவள் அந்த அறைக்குள் இருக்கிறாள், மீதி சந்தில் இருக்கிறது, அந்த முழங்கை வரைக்கும் உள்ள தோல் முழுவதும் விழித்துக்கொண்டு காத்திருக்கிறது. டம்ளரின் சூடு விரலைச் சுடுகிறது. சுடட்டும். கோவில்பட்டி, நாலாட்டின்புத்தூர் என்று மனசுக்குள் சொன்னாள். கயத்தாறு. யாரும் ஏறவில்லை. கங்கைகொண்டானில் சூடு தாங்காமல் விரல் தானாக விட்டுவிட்டது.

பாட்டிலையும் வைத்துவிடலாமா. கீழே பார்த்தாள். சந்து இருட்டில் பாட்டில் மங்கலாக இருந்தது, உள்ளே பல் மட்டும் கொஞ்சம் வெளிச்சமாக, தண்ணீருக்குள் யாரோ சிரிக்கிற மாதிரி. திரும்பி வந்து வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் கொடுத்தார். வந்திருந்தால், அல்லது வந்துகொண்டிருந்தால், இதுதான் கொடுக்கிற நேரம். நாளைக்கு எல்லாம் முடிந்துவிடும், அத்தை டின்னோடு திருப்பூர் போய்விடுவாள், பெரியப்பா போய்விடுவார், அறையைக் கழுவிவிடுவார்கள். பாட்டிலைத் தூக்கினாள். கம்பி வரைக்கும் கொண்டுபோனாள். கொடுத்துவிட்டால் நாளைக் காலையில் எழுந்ததும் கொல்லைக்குழாய்க்குப் போக வேண்டியதில்லை. நாளை மறுநாளும் வேண்டியதில்லை. அவர் அவளிடம் சொன்ன வேலை அத்தோடு முடிந்தது. கை தானாகப் பின்னால் வந்தது. தண்ணி மாத்திரு என்றுதானே சொன்னார். கொடுத்துவிடு என்று சொல்லவில்லை. இது பொய்யா என்று யோசித்தாள். பொய் மாதிரியும் இருந்தது, இல்லை மாதிரியும் இருந்தது. ஜன்னல் கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் பாட்டிலை வயிற்றோடு அணைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். ஹாலில் எல்லோரும் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள்.

பெரியப்பா மூன்று தடவை கையைத் தட்டினார், உள்ளே இருப்பவருக்கு நாங்கள் வருகிறோம் என்று தெரிய வேண்டும் என்பதற்காக. பிறகு அப்பா கதவைத் திறந்தார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எல்லோரும் முதலில் இலையைத்தான் பார்த்தார்கள். காராச்சேவுக் குவியல் ஒரு பக்கமாகக் கொஞ்சம் சரிந்திருந்தது. "பாத்தியாடா, கை வச்சிருக்காக" என்றார் பெரியப்பா, அவர் குரல் உடைந்துபோயிருந்தது. அத்தை இலைக்கு முன்னால் விழுந்து கும்பிட்டாள். செண்பகம் இலையைப் பார்க்கவில்லை. ஜன்னல் மேட்டைப் பார்த்தாள். டம்ளர் வட்டத்தில் சரியாக உட்கார்ந்திருந்தது. டீ அப்படியே இருந்தது, விளிம்பு வரை. மேலே ஆடை கட்டியிருந்தது. ஒரு வாய்கூடக் குறையவில்லை. அவளுக்கு அழுகை வரவில்லை. ஊற வைக்க மறந்துவிட்டோம் என்றுதான் தோன்றியது, உருண்டையைப் போடவில்லையே, வெறும் டீயை என்ன செய்வார். போய், ஆடையை விரலால் எடுத்துத் தாத்தா செய்கிற மாதிரி ஜன்னல் கம்பியில் தடவினாள். இலைக்குத் திரும்பி வந்து கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒரு பொரிவிளங்காய் உருண்டையை எடுத்தாள். டம்ளர் வாய்க்குள் சரியாக இறங்கியது. டீ வழிந்து வட்டத்தை நனைத்தது.

"என்னட்டி செய்யுத? அது ஏது டீ?" என்றாள் அத்தை.

"ஊறட்டும் அத்த."

"ஊறட்டுமா?"

அத்தை எழுந்து ஜன்னல் பக்கம் வந்தாள். டம்ளரைப் பார்த்தாள், மேட்டிலிருந்த வட்டத்தைப் பார்த்தாள், செண்பகத்தின் இடுப்பில் பாவாடைக்குள்ளிருந்து பாதி வெளியே தெரிந்த பாட்டிலைப் பார்த்தாள். கையை நீட்டினாள். செண்பகம் அறை வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தாள், அம்மா சரி என்று தலையை அசைத்ததும் பாட்டிலைக் கொடுத்தாள். அத்தை அதை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். போட்டோவைப் பார்த்தாள், திரும்பவும் பாட்டிலை.

"எப்பருந்து?" என்றாள் அத்தை, யாரையும் பார்க்காமல்.

"ஒங்கம்மா தவறுன வருசத்துலருந்தே மதினி" என்றாள் அம்மா. "ஒங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு மாமா சொல்லிட்டாக. தெரிஞ்சா நீங்க உருண்ட செய்ய மாட்டீகளாம்."

அத்தை கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். மடியில் பாட்டில். அழுவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள், அழவில்லை. வருஷா வருஷம் தான் கொண்டுவந்த டின்களை ஒவ்வொன்றாகத் திரும்பத் திறந்து பார்க்கிற மாதிரி அவள் முகம் இருந்தது. அப்புறம் அம்மாவிடம், அந்தப் பருப்புச் சோறு இருக்கா லீலா, கொட்டிறலையே என்று கேட்டாள். அம்மா சட்டியை எடுக்கப் போனாள். அத்தை செண்பகத்தைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி நகர்ந்து இடம் விட்டாள்.

"எம்புட்டு நேரம் ஊறணும்?"

"திருநெல்வேலி வர்ற வரைக்கும்" என்றாள் செண்பகம். அத்தை கண்டக்டர் மகள், ஏன் என்று கேட்கவில்லை. எங்கேயிருந்து கிளம்பணும் என்று மட்டும் கேட்டாள். அப்போது வரைக்கும் கதவோரம் நின்றுகொண்டிருந்த அப்பா, நிலைக்கட்டையில் விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டினார். சத்தம் சரியாக வரவில்லை, அவர் குமாஸ்தா.

பாட்டில் ஜன்னல் மேட்டில், டம்ளர் வட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும்.